பால் கொடுக்கத் தனி நாற்காலி தேவையா? காசைப் போடுமுன் பார்க்க வேண்டியவை

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு வீட்டில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். தொட்டில், கொசுவலை, துணி நாப்பி, பால் எடுக்கும் பம்ப். கொஞ்ச வருடமாக அதில் ‘நர்சிங் சேர்’ என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்கென்றே செய்தது. லேசாக ஆடும், முதுகுப் பக்கம் மெத்தென்று இருக்கும், காலை வைத்துக்கொள்ள ஒரு குட்டி முக்காலியும் கூட வரும். விலையைப் பார்த்தால்தான் திக்கென்று இருக்கும். உருப்படியான ஒன்று வேண்டுமென்றால் சாதாரணமாகவே ஐந்து இலக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையில்லை. சில வீடுகளுக்கு நிஜமாகவே தேவை. நீங்கள் எந்த வகை என்பது பிரசவத்துக்கு முன்னால் தெரியாது. அதனால் வளைகாப்புப் பட்டியலிலிருந்து இதை மட்டும் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பிள்ளை பிறந்து ஒன்றிரண்டு வாரம் போகட்டும், அப்புறம் கீழே உள்ள வரிசையில் பார்த்துக்கொண்டு வாருங்கள். இன்றைக்கு ஆர்டர் போட்டால் சில நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிற பொருள்தானே, அவசரம் ஒன்றும் இல்லை.

படி 1: நாற்காலி எந்த வீட்டில், நீங்கள் எந்த வீட்டில்?

ரொம்பச் சாதாரணமான கேள்விதான், ஆனால் பலரும் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. தலைப்பிரசவம் என்றால் நம் பக்கம் பெரும்பாலும் அம்மா வீடு. பிள்ளையோடு புகுந்த வீடு திரும்புவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ. கணவர் ஆசை ஆசையாக வேளச்சேரி ஃபிளாட்டில் நாற்காலியை வாங்கிப் போட்டிருப்பார். நீங்கள் கும்பகோணத்தில் அம்மா வீட்டுப் பின்னறையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

நாற்காலி அதிகம் கைகொடுக்கக்கூடிய காலம் முதல் இரண்டு மூன்று மாதம். பிள்ளைக்குக் கழுத்து நின்றிருக்காது, உங்களுக்குக் கை பழகியிருக்காது, ஒவ்வொரு முறையும் நெடுநேரம் ஆகும். நான்காம் ஐந்தாம் மாதத்தில் பல பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் குடித்துவிட்டு விளையாடப் போய்விடும். அப்போது சோபா, கட்டில், திண்ணை எல்லாமே சரிதான். ஆகவே அம்மா வீட்டில் பிரசவம் என்றால், அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஃபிளாட்டுக்கு வாங்கிப் போடுவது பொருளை வெறுமனே காவல் காக்க வைப்பதுதான்.

வேலை, மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஏதோ காரணத்தால் சொந்த வீட்டிலேயே பிரசவ காலம் முழுவதும் இருக்கப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

படி 2: எவ்வளவு நேரம் உட்காரப் போகிறீர்கள்?

பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷமும் ஆகும், நாற்பதும் ஆகும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுகிறது. நாற்காலி விற்கிறவர்கள் சொல்கிற காரணங்களில் நியாயமானது இது ஒன்றுதான்.

ஆனால் அவர்கள் இதை அப்படியே இரண்டு வருடத்துக்கும் நீட்டுவார்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலோ என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உண்மை. அந்த இரண்டு வருடமும் நாளுக்கு ஐந்து மணி நேரம் என்பது உண்மையில்லை. 2017ல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021லிருந்து 12 மாதம். வேலைக்குத் திரும்பியபின் பால் கொடுப்பது காலை, மாலை, ராத்திரி என்று சுருங்கிவிடும். ராத்திரிப் பாலைப் பலரும் படுத்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள்.

புட்டிப்பால் கொடுக்கிற வீட்டிலும் இதே மாதிரி உட்கார வேண்டியிருக்கும். அங்கே அப்பாவும் பாட்டியும் அதே இடத்தில் உட்காருவார்கள் என்பதால், நாற்காலி யாருடைய உயரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று கூடுதலாக ஒரு கேள்வி வரும்.

படி 3: வலி எங்கே இருக்கிறது?

காம்பில் வலி, வெடிப்பு என்றால் நாற்காலியை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் பிள்ளை வாய் நிறையப் பிடிக்காமல் காம்பை மட்டும் பிடிக்கிறது என்று அர்த்தம். பிரசவம் பார்த்த இடத்து நர்ஸிடமோ தாய்ப்பால் ஆலோசகரிடமோ ஒரு தடவை நேரில் காட்டுங்கள். இருபதாயிரம் ரூபாய் நாற்காலி செய்யாததை அவர்கள் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவதுண்டு. பால் போதவில்லையோ என்ற பயத்துக்கும் இதே பதில்தான்.

மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் வலித்தால் பிள்ளையின் எடை முழுவதையும் கையே தாங்குகிறது. மடியில் தலையணை வைத்தால் பெரும்பாலும் குறையும். தையல் போட்ட இடத்திலும் வால் எலும்பிலும் வலி என்றால் உட்காருவதே பிரச்சினை. எந்த நாற்காலியானாலும் கொஞ்ச நாள் படுத்துக் கொடுப்பதே மேல்.

பிடரி, தோள், நடுமுதுகு, இடுப்பு. இங்கெல்லாம் வலித்தால் மட்டும்தான் உட்காருகிற இடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

படி 4: வீட்டில் இருப்பதை வைத்து ஒரு இருக்கை அமையுங்கள்

புதுசாகப் பெற்றவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்று, குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோவது. முதுகுவலி அங்கே ஆரம்பிக்கிறது. பிள்ளைதான் மார்புக்கு வர வேண்டும். அதற்கு முதுகுக்கு ஒரு சாய்மானம், முழங்கைக்கு ஒரு தாங்கல், மடியில் கொஞ்சம் உயரம், பாதத்துக்குத் தரை, இந்த நாலும் வேண்டும். விலை உயர்ந்த நாற்காலியும் இந்த நாலைத்தான் தருகிறது.

நம் பாட்டிமார்கள் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து கொடுத்தார்கள். கால் மடங்கியதும் மடி தானாக உயர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பால் கொடுக்கவென்று செய்த நாற்காலிகளும் தரையை ஒட்டித் தாழ்வாக, கைப்பிடியே இல்லாமல்தான் இருந்தன. அங்கேயும் மடியை உயர்த்துவதுதான் நோக்கம். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது. ஆனால் சிசேரியன் ஆனவர்களுக்குச் சில வாரம் இது ஆகாது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவம் சிசேரியன். வயிற்றில் தையலோடு, கையில் பிள்ளையோடு தரையிலிருந்து எழுவது எவ்வளவு பெரிய பாடு என்று எழுந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கைவைத்த பிளாஸ்டிக் சேர். இது இல்லாத வீடு கிடையாது. இதில் இரண்டு குறை. உட்காருகிற பலகை பின்பக்கம் சரிந்திருக்கும், அதனால் இடுப்பு வளைந்து தோள் முன்னால் வந்துவிடும். இன்னொன்று, ஐந்தடி உயரப் பெண் உட்கார்ந்தால் குதிகால் தரையில் படியாது. முதல் குறைக்கு, போர்வை ஒன்றை நீளமாக மடித்து இடுப்புக்குப் பின்னால் செருகுங்கள். இரண்டாவதற்குப் பூஜை அறையிலோ பரண் மேலோ கிடக்கிற மணைப்பலகையைக் காலடியில் போடுங்கள். மடியில் இலவம்பஞ்சுத் தலையணை. கடையில் விற்கிற பஞ்சுமிட்டாய் மாதிரித் தலையணை வேண்டாம், பிள்ளையின் எடைக்கே அமுங்கிவிடும். முழங்கை படுகிற கைப்பிடியில் துண்டை நான்காக மடித்துப் போட்டால் வேலை முடிந்தது. சேர் நெளிகிற மாதிரி இருந்தால் அதே அளவில் இன்னொன்றை மேலே அடுக்கி உட்காருங்கள். ஆட்டம் நின்றுவிடும், உயரமும் கொஞ்சம் கூடும். ஐந்தரை அடிக்கு மேல் இருப்பவர்களுக்கு அந்த உயரமும் வசதிதான்.

வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ஆபீஸ் நாற்காலி மூலையில் கிடக்கிறதா? நர்சிங் சேருக்கு மிகவும் நெருங்கி வருவது அதுதான். உயரத்தை இறக்கலாம், முதுகுக்கு வளைவு இருக்கிறது, சிலவற்றில் கைப்பிடியையும் ஏற்றி இறக்கலாம். சக்கரம் மட்டும் ஆபத்து. பிள்ளையோடு எழும்போது நாற்காலி பின்னால் ஓடினால் பிடித்துக்கொள்ள உங்களுக்குக் கை இருக்காது. சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அசையாத புஷ் (நிலையான குட்டிக் கால்) மாட்டுங்கள்.

கட்டிலில் தலைப்பலகையில் சாய்ந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து உட்காருவதும் நன்றாகவே ஒத்துவரும். கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது ஒத்துவராது, முதுகுக்கு ஒன்றுமே இல்லை. ஊஞ்சலும் அப்படித்தான்.

துணி போட்ட ஈசி சேரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நன்றாகச் சாய்ந்து, பிள்ளையை நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. அதற்கு ஈசி சேர் அருமை. ஆனால் பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி உள்ளே போய்விடுவதால், யாராவது வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டால்தான் நீங்கள் எழ முடியும். தாத்தாவின் சம்மதமும் வேண்டும்.

இவற்றில் ஏதாவது ஒன்றை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதோடு, யு வடிவப் பாலூட்டும் தலையணை ஒன்று வாங்க வேண்டுமென்று தோன்றினால் வாங்கலாம். நாற்காலி விலையில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும், அநேகம் பேருக்கு அதுவே போதும்.

படி 5: அப்படியும் போதவில்லை என்றால்

ஒரு வாரம் அமைத்துப் பார்த்தும் பிடரி வலி விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை உள்ளவர், சிசேரியனுக்குப் பின் கட்டிலில் புரண்டு எழவே சிரமப்படுகிறவர், குறைமாதத்தில் பிறந்து மெதுவாக உறிஞ்சிக் குடிக்கிற பிள்ளையை வைத்திருப்பவர், ராத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்க ஆளே இல்லாமல் தனிக்குடித்தனத்தில் இருப்பவர் ஆகியோருக்கெல்லாம் நல்ல நாற்காலி செலவு இல்லை, தேவை. வீட்டுப் பெரியவர்கள் ‘நாங்கள் எல்லாம் இதை வைத்துக்கொண்டா வளர்த்தோம்’ என்பார்கள். அவர்கள் காலத்தில் ஒரு பிள்ளைக்கு நாலு மடி இருந்தது. அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இரட்டைப் பிள்ளை என்றால் மட்டும் நிதானிக்கவும். இரண்டு அக்குளுக்கும் அடியில் ஆளுக்கொன்றாக இடுக்கிக்கொண்டு கொடுக்க, கைப்பிடி வைத்த நாற்காலிகள் பெரும்பாலானவற்றில் இடம் போதாது. அகலமான சோபாவோ கட்டிலோதான் சரிவரும்.

படி 6: தூக்கத்தைப் பற்றிக் கட்டாயம் யோசியுங்கள்

விளம்பரத்தில் சொல்லாத விஷயம் இது. நாற்காலி எவ்வளவு சொகுசோ அவ்வளவு சீக்கிரம் கண் அசரும். சோபாவிலோ மெத்தென்ற நாற்காலியிலோ பிள்ளையைக் கையில் வைத்தபடி தூங்கிப்போவது, மூச்சுத் திணறி உயிரே போகக்கூடிய ஆபத்து. பிள்ளை கையிலிருந்து நழுவி, உங்கள் உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைக் கடுமையாகவே எச்சரிக்கிறது. பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவோம் என்று தோன்றினால், தலையணை, போர்வை எதுவும் பிள்ளை அருகில் இல்லாத கட்டில், சோபாவையும் நாற்காலியையும்விட ஆபத்து குறைந்தது என்கிறது. கட்டில் பத்திரம் என்று அதற்குப் பொருள் இல்லை, முழித்ததும் பிள்ளையை அதன் இடத்தில் விட்டுவிட வேண்டும்.

ஆகவே ராத்திரி இரண்டு மணிப் பாலுக்காகத்தான் நாற்காலி வாங்க நினைக்கிறீர்கள், உங்களுக்கோ தூக்கம் தாங்காது என்றால், வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கினாலும் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் விழித்து உடனிருக்க வேண்டும்.

படி 7: கடையில் எப்படிப் பார்ப்பது?

முதலில் வீட்டிலேயே ஒரு அளவு எடுங்கள். செருப்பில்லாமல் நின்று, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப்பை வைத்தால் நம் பெண்கள் பலருக்கு 15, 16 அங்குலம் வரும். நாற்காலிகளின் இருக்கை சாதாரணமாக 17, 18 அங்குலம். வித்தியாசம் எத்தனை அங்குலமோ அத்தனை உயரத்துக்குக் காலடியில் பலகை வேண்டியிருக்கும். நாற்காலியே தாழ்வாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைக்குப் போகும்போது 3 கிலோ அரிசிப் பை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம், பிறந்த பிள்ளையின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து பையைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு பதினைந்து நிமிஷம் இருங்கள். விற்பனையாளர் ஒரு நிமிஷத்தில் ‘எப்படி மேடம்?’ என்பார். பதில் சொல்லாதீர்கள். ஐந்தாவது நிமிஷத்தில்தான் தோள் பேச ஆரம்பிக்கும். முதுகு பின்னால் முழுதாகப் படியும்போது, இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். கைப்பிடியில் முழங்கையை வைத்தால் தோள் மேலே தூக்கக்கூடாது. பையை அக்குளுக்கு அடியில் இடுக்கியும் பாருங்கள், சிசேரியன் ஆனவர்களுக்கு வயிற்றில் எடை விழாமல் கொடுக்க அந்தப் பிடிதான் உதவும். கைப்பிடி இடித்தால் அந்த நாற்காலி வேண்டாம். கடைசியாக, பையை இரண்டு கையாலும் பிடித்தபடியே, எதையும் பற்றாமல் எழுந்திருங்கள். எழ முடியவில்லை என்றால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

வகையைப் பொறுத்தவரை மூன்று உண்டு. வளைந்த கால் வைத்த ராக்கிங் சேர், அடிப்பாகம் அசையாமல் இருக்கை மட்டும் முன்னும் பின்னும் நகருகிற கிளைடர், சாய்கிற ரிக்ளைனர். ராக்கிங் சேர் பார்க்க அழகு. என் நாத்தனார் வீட்டில் தேக்கில் ஒன்று வாங்கினார்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது ஆட ஆடப் பின்னாலேயே நகர்ந்து, ஒவ்வொரு தடவையும் பால் முடிகிற நேரத்தில் சுவரில் டொக்கென்று இடிக்கும். அப்போதுதான் தூங்கின பிள்ளை விழித்துக்கொள்ளும். பாய் விரித்துப் பார்த்தார்கள், பாயும் சேர்ந்து நகர்ந்தது. கடைசியில் சைக்கிள் டியூபை வெட்டிக் காலடியில் ஒட்டினார்கள். தரையெல்லாம் கறுப்புக் கோடு, ஆனால் நகர்வது நின்றது. கிளைடரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நகருகிற பாகங்களின் இடுக்கில் தவழும் பிள்ளையின் விரல் மாட்டும், பூட்டு வைத்ததா என்று பார்த்து வாங்குங்கள். ரிக்ளைனரில் கைநெம்பு எந்தப் பக்கம், பிள்ளையைப் பிடித்தபடி எட்டுமா என்று பாருங்கள். மின்சாரத்தில் ஓடுகிறது என்றால் கரண்ட் போனால் எப்படி நிமிர்த்துவது என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

உறை பருத்தித் துணியாக, கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும். நம் ஊர் வெயிலுக்கு ரெக்ஸின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கக்கின பால் ஸ்பாஞ்சுக்குள் இறங்கினால் எத்தனை துடைத்தாலும் புளித்த வாடை போகாது. அறையில் ஃபேனுக்கு நேராக, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வைக்க ஒரு ஸ்டூலோடு இடம் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தபின் கதவில் நுழையாத நாற்காலிகளும் உண்டு. கூட்டுக்குடும்பத்தில் ஹாலில் போட்ட நாற்காலியில் நீங்கள் உட்காரப் போவதில்லை, மாமனார்தான் பேப்பர் படிப்பார்.

படி 8: புதுசா, பழசா?

சில மாதமே தேவைப்படுகிற பொருள் என்பதால் பழசு நல்ல பேரம். அடுக்குமாடி வாட்ஸாப் குழுவில் கேட்டால் பலரும் விற்க ஆள் தேடிக்கொண்டிருப்பது தெரியும். சென்னை மாதிரி ஊர்களில் மாத வாடகைக்கு மரச்சாமான் தருகிறவர்களும் இருக்கிறார்கள், ரிக்ளைனர் கிடைக்கலாம். புதுசு வாங்கினால், பின்னால் சாதாரணச் சாய்வு நாற்காலியாக ஹாலில் போட முடிகிற மாதிரி பாருங்கள்.

பழசைப் பார்க்கப் போனால் பத்து நிமிஷம் ஆட்டிப் பாருங்கள், கிறீச் சத்தம் உட்கார்ந்தவுடன் வராது, சூடேறியபின் வரும். ஸ்குரூக்கள் கழன்று ஆடாமல் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மெத்தையை மோந்து பாருங்கள். அப்புறம் போனின் டார்ச்சை அடித்துத் தையல் ஓரங்களையும் மரப் பொருத்துகளையும் பார்க்க வேண்டும். கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் மூட்டைப்பூச்சி. இனாமாகக் கொடுத்தாலும் அதை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.